முரசுக்காரரின் தொப்பி

செத்துப்போனவர்களுக்குத் துணி தைப்பதைப்போல் அலுப்பான வேலை உலகத்தில் கிடையாது. அவர்கள் அளவு கொடுக்க வந்து நிற்கமாட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக எங்கள் குழுவின் ஆட்கள் வந்து நிற்பார்கள். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய சிப்பாய் அரை வயிற்றோடு சண்டைக்குப் போனவன். எங்கள் சிப்பாய்களுக்கோ வருஷா வருஷம் தொப்பை ஒரு சுற்று கூடும். அந்தக் காலத்துக் கோட்டுப் பித்தானை இந்தக் காலத்து வயிற்றின்மேல் பூட்ட வைப்பதுதான் என் பிழைப்பு.

ஊருக்கு வெளியே, ஆற்றை ஒட்டிய சரிவில், முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சண்டை நடந்தது. யாரும் ஜெயிக்காத, யாருக்கும் பெரிதாக ஞாபகம் இல்லாத சண்டை. அதை வருஷத்துக்கு ஒரு தடவை அதே சரிவில் மறுபடி நடத்திக் காட்டுவதற்கென்று ஒரு குழு இருக்கிறது. வாரநாட்களில் குழாய் ரிப்பேர் பார்ப்பவர் அன்றைக்குத் தளபதி. ஒரு பல் டாக்டர் உண்டு. முதல் வெடியிலேயே குண்டடி பட்டு விழுந்துவிடுவார். வருஷம் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறேன், அன்றைக்காவது படுத்துக்கொள்கிறேனே என்பார். என் வீட்டுக்காரர் முரசு அடிப்பவர். குழுவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, முரசு என்றால் அவர்தான். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு கிழிந்த கோட்டை என் மடியில் போட்டு, கொஞ்சம் தைத்துக் கொடு என்றார். அந்தக் கொஞ்சம் இன்னும் முடிந்தபாடில்லை.

சட்டுப்புட்டென்று தைத்து முடித்தால் இவர்களுக்கு ஆகாது. தையல் மிஷின் கூடாது. நூலைத் தேன்மெழுகில் இழுத்துத்தான் கோக்க வேண்டும். கறுப்பு வேண்டுமென்றால் துருப்பிடித்த ஆணியை வினிகரில் ஊறப்போட்டு, வீடே நாறக் காய்ச்ச வேண்டும். பித்தான் மாட்டுக் கொம்பில் இருக்க வேண்டும். கோட்டின் உட்பக்கத் தையலை எவன் புரட்டிப் பார்க்கப்போகிறான் என்று ஒருநாள் கேட்டேன். போட்டிருப்பவனுக்குத் தெரியுமே என்றார் இவர். அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? உட்பக்கத்தையும் கெட்டித் தையலாகவே போட்டேன்.

அப்புறம் சோதனை. அதைச் செய்பவர் என் கூடப்பிறந்த அண்ணன், சண்டையில் பின்வரிசை ஈட்டிக்காரர். கையில் எப்போதும் பூதக்கண்ணாடி இருக்கும், குழுவில் அவருக்குப் பெயரும் அதுதான். கண்ணில் விளக்கெண்ணெயை விட்டுக்கொண்டு தையல் தையலாகப் பார்ப்பார். தங்கச்சி தைத்தது என்பதற்காக ஒரு இழைகூட விட்டுக்கொடுத்ததில்லை. கயிறு கட்டிய எல்லைக்குள் அந்தக் காலத்தில் இல்லாத எதுவும் போகக்கூடாது. கைக்கடிகாரம், செல்போன், ஜிப், மூக்குக்கண்ணாடி எதுவுமே. தளபதியின் நெஞ்சுக்குள் அடைப்புக்காக ஆஸ்பத்திரியில் ஒரு ஸ்பிரிங் வைத்தார்கள். அதற்காகவே குழுவில் கூட்டம் போட்டு ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள். உடம்புக்கு உள்ளே இருப்பதைச் சோதிப்பதில்லை, உடம்பின்மேல் இருப்பதெல்லாம் கணக்கு. அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் என் வீட்டுக்காரர்தான். பல் டாக்டரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாங்கி என்னிடம் கொடுத்து வைத்தவரும் அவரே. கண் தெரியாமல் சண்டை போடுவதைவிடச் சாவது பத்திரம் என்றுதான் அந்த மனுஷன் முதல் வெடியிலேயே விழுகிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பு. சண்டையில் எல்லாரும்தான் கத்துவார்கள். ஐயோ என்பார்கள், செத்தேன் என்பார்கள், காப்பாத்து என்பார்கள். பார்க்க வந்தவர்கள் கைதட்டுவார்கள். அப்படியானால் ஒருவனுக்கு உண்மையிலேயே அடிபட்டால் எப்படித் தெரியும்? அதற்கென்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். நிஜம். அந்த ஒரு வார்த்தையை விளையாட்டுக்குக்கூடச் சரிவில் சொல்லக்கூடாது. யாராவது அதைக் கத்தினால் முரசுக்காரர் முரசை நிறுத்த வேண்டும். முரசு நின்றால் எல்லாரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். முரசு நிற்காமல் யாரும் தானாக நிற்கக்கூடாது, ஏனென்றால் ஒருமுறை முன்வரிசைக்காரன் ஒருவன் தானாக நின்று, பின்னால் வந்தவனின் ஈட்டி அவன் முதுகில் ஏறியிருக்கிறது. ஆக, அத்தனை பேர் கை காலும் என் வீட்டுக்காரர் காதில் இருந்தது.

அந்தக் காதுதான் போய்விட்டது.

ஒரே நாளில் போகவில்லை. முரசு அடிக்கும் மேட்டுக்குப் பக்கத்தில்தான் பீரங்கியை நிறுத்துவார்கள். அந்தக் காலத்தில் எவனும் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளவில்லை என்று இவரும் வைத்துக்கொள்ளவில்லை. முதலில் போனது மெல்லிய குரல்கள். ஆண்பிள்ளைகள் பேசினால் கேட்கும், லாரி போனால் கேட்கும், நான் கூப்பிட்டால் கேட்காது. பல வருஷமாக நான் சொன்ன எதையும் காதில் போட்டுக்கொள்ளாத மனுஷன்தானே, அதனால் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. மகள்தான் கண்டுபிடித்தாள். அச்சகத்தில் வேலை பார்க்கிறாள், சத்தத்தில் பேசிப் பழகிய பெண். அப்பா என் வாயைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறார் என்றாள். அவளே கூட்டிக்கொண்டு போய்க் காது மிஷினும் வாங்கி மாட்டிவிட்டாள். மாட்டிய அன்று இவர் வீடு முழுக்க நடந்தார். குழாய் சொட்டுகிறது, யாரும் சொல்லவில்லையே என்றார். நான் அதைப் பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

குழுவில் இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார். மிஷின் காதின்மேல் உட்கார்ந்திருக்கிறது. உடம்பின்மேல் இருப்பதெல்லாம் கணக்கு. தெரிந்தால் முரசை வாங்கிக்கொண்டு, முகாமில் விறகு அடுக்கச் சொல்லிவிடுவார்கள். அதற்கு நான் வீட்டிலேயே கிடந்து செத்துப்போகலாம் என்றார். இந்த வருஷம் வேறொன்றும் சேர்ந்துகொண்டது. எங்கள் மகள் ஈட்டிக்காரியாக முன்வரிசையில் நிற்கப்போகிறாள். முதல் தடவை. அப்பா அடிக்கிற அடிக்கு நான் நடக்கணும் என்று சின்ன வயதிலிருந்து அவளுக்கு ஆசை. அவர் முரசில் இல்லையென்றால் நானும் வரவில்லை என்றுவிட்டாள்.

எனக்கு மட்டும் நெஞ்சு கேட்கவில்லை. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு நேராகவே கேட்டேன்.

"நாளைக்கு எவனாவது நிஜம்னு கத்தி, உங்களுக்குக் கேக்கலைன்னா என்னங்க பண்ணுவீங்க?"

"மிஷின் போட்டா கேக்குது."

"போட விடமாட்டாங்களே."

"வெளிய தெரியாம ஒரு தொப்பி தைச்சுக் குடு" என்றார். "உன்னால முடியாததா?"

இவருக்கு என்னைப் புகழ வேறு நேரமே கிடைப்பதில்லை.

காதும் காதும் வைத்ததுபோல் காரியத்தை முடிக்க வேண்டும், அதுவும் காதுக்காகவே. அந்தக் காலத்து முரசுக்காரர்கள் மேல் தொப்பிக்கு அடியில் காதை மூடி, தாடைக்குக் கீழே நாடா கட்டும் உள் தொப்பி போட்டிருக்கிறார்கள். அது எனக்கு வசதியாகப் போயிற்று. முதலில் கம்பளியில் தைத்தேன். மாட்டிய மறுநிமிஷம் மிஷின் கீ என்று கத்தியது. அதன் குணம் அது, வாயைப் பொத்தினால் விசிலடிக்கும். எங்கள் வீட்டில் யார் வாயையும் பொத்த முடியாது, மிஷின் மட்டும் விதிவிலக்கா? இரட்டை லினன் போட்டேன், கத்தியது. ஒற்றை லினன் போட்டேன், தலையைத் திருப்பினால் மட்டும் கத்தியது. காதருகில் ஓட்டை போட்டேன். கத்தவில்லை, ஆனால் மிஷின் எட்டிப் பார்த்தது.

தைத்ததைப் பிரித்து, பிரித்ததைத் தைத்து, விரல் நுனியெல்லாம் மரத்துப்போன பிறகு ஒரு வழி தோன்றியது. காது வரும் இடத்தில் லினனின் குறுக்கு இழைகளை ஒன்று விட்டு ஒன்று உருவினேன். மிச்ச இழைகளைச் சின்னச் சின்னக் கட்டாகக் கட்டினேன். துணி சல்லடை மாதிரி ஆயிற்று. உள்ளே இருப்பது தெரியாது, சத்தம் தங்குதடையில்லாமல் போய்வரும். அந்தக் காலத்திலும் இழை உருவிப் பூவேலை செய்திருக்கிறார்கள், ஆகையால் அண்ணனும் வாயைத் திறக்க முடியாது. இவர் மாட்டிக்கொண்டு அறையின் அந்தக் கோடியில் திரும்பி நின்றார். இந்தக் கோடியிலிருந்து மகள் மெதுவாக அந்த வார்த்தையைச் சொன்னாள். கையைத் தூக்கிக் காட்டினார். அவள் இன்னும் மெதுவாகச் சொன்னாள். மறுபடி தூக்கினார். மகள் போய் அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது, தூக்கமும் வந்தது. நான் போய்ப் படுத்துவிட்டேன்.

சண்டை அன்று காலை முகாம் வாசலில் சோதனை. ஆட்கள் வரிசையில் நின்றார்கள். எனக்குக் கயிற்றுக்கு வெளியே வேன்தான் இடம். அத்தனை பேருக்கும் தைத்த எனக்கு, எனக்கென்று ஒரு அந்தக் காலத்துப் பாவாடை தைத்துக்கொள்ள நேரம் வந்ததே இல்லை. பூப்போட்ட பாலியஸ்டரும் ரப்பர் செருப்புமாக, பிஸ்கட் டப்பாவில் ஊசி நூலை வைத்துக்கொண்டு, கடைசி நேரத்தில் அறுந்த பித்தான்களைத் தைப்பதற்காக வேனின் பின்கதவைத் திறந்து உட்கார்ந்திருப்பேன்.

அண்ணன் இவரிடம் வந்தார். கோட்டைப் பார்த்தார், காலுறையைப் பார்த்தார், மேல் தொப்பியைக் கழற்றச் சொன்னார். உள் தொப்பியின் பூவேலை அவர் கண்ணில் பட்டது. அழகாக இருக்கிறதே என்று பூதக்கண்ணாடியை ஒரு கையில் பிடித்து, மற்றக் கையால் துணியைக் காதோடு சேர்த்து அழுத்தினார். மிஷின் கீ என்று கத்தியது. வரிசையில் இருந்த பாதிப் பேர் பறவை என்று நினைத்து மேலே பார்த்தார்கள். அண்ணன் மட்டும் மேலே பார்க்கவில்லை. இவர் முகத்தைப் பார்த்தார். இவர் முகத்தில் ஈயாடவில்லை.

அண்ணன் மெதுவாகக் கையை எடுத்தார். தொப்பியின் நாடாவை அவரே சரியாகக் கட்டிவிட்டார்.

"காதுக்குள்ள இருக்கறதுதானே மாப்பிள்ளை, உடம்புக்கு உள்ளன்னே வெச்சுக்கலாம்" என்றார். "நான் எதையும் பாக்கல. போங்க."

கூடப்பிறந்தவர் என்று அன்றைக்குத்தான் எனக்கு நிறைவாகத் தோன்றியது. எனக்கிருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது. ஆனால் இவருக்கு ஏறிவிட்டது என்பதை நான் கவனிக்கவில்லை.

சண்டை ஆரம்பிக்கக் கொஞ்ச நேரம் முன்னால் வேனுக்கு வந்தார். கோட்டுப் பித்தான் ஆடுகிறது என்றார். தைத்துக்கொண்டிருக்கும்போது கூட்டத்தைப் பார்த்தபடி பேசினார். பல் டாக்டரின் மூக்குக்கண்ணாடியை நான்தானே பிடுங்கினேன் என்றார். அந்த மனுஷனுக்குக் குச்சியும் தெரியாது குழியும் தெரியாது, ஆனாலும் சட்டம் சட்டம்தான் என்று சொன்னேனே என்றார். இன்றைக்கு மச்சானிடம் எனக்குச் சலுகை. அவர் பார்க்கவில்லை என்கிறார். எனக்குத் தெரியுமே என்றார். உட்பக்கத் தையலுக்குச் சொன்ன அதே வார்த்தை. நான் நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தேன். வாயில் நூல் இருந்ததால் பதில் சொல்லவில்லை. இல்லாவிட்டாலும், இந்த மனுஷனின் நியாயத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தேன். சரி, போய் வாருங்கள், மகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். என் வாயைப் பார்த்துத்தான் தலையாட்டினார் என்று பிற்பாடு யோசித்தபோதுதான் தெரிந்தது.

பீரங்கி வெடித்தது. புகை இறங்கிச் சரிவை மூடியது. பல் டாக்டர் விழுந்தார். முரசு ஆரம்பித்தது. இவர் அடி எப்போதும் போல நிதானமாக, ஒன்றுபோல விழுந்தது. அதைக் கேட்டால் எனக்குக் கண் சொக்கும். வேனின் கதவில் சாய்ந்துகொண்டேன்.

எங்கோ கெட்டிலில் தண்ணீர் கொதிப்பதுபோல ஒரு சத்தம். முகாமில் யாரோ அடுப்பு மூட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம் இது பக்கத்தில் கேட்கிறதே என்று தோன்றியது. சத்தம் என் மடியிலிருந்து வந்தது. பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். பித்தான்களுக்கும் நூல்கண்டுகளுக்கும் நடுவில், நான் விரலில் மாட்டும் பித்தளைக் குப்பிக்குள் காது மிஷின் கிடந்து கத்திக்கொண்டிருந்தது. நான் நூலைக் கடித்துக்கொண்டிருந்தபோது போட்டிருக்கிறார்.

மிஷினை எடுத்துக்கொண்டு கயிற்றருகே ஓடினேன். கயிற்றைத் தாண்டி இந்தக் காலத்து உடுப்போடு ஒரு ஈ எறும்பு உள்ளே போனதில்லை. பார்க்க வந்தவர்கள் என் முன்னால் தோளோடு தோள் நின்றார்கள். ஒன்றும் ஆகாது, எத்தனை வருஷமாக நடக்கிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அலுத்துப்போனவர்கள் சொல்லிக்கொள்கிற சமாதானம் அது.

அப்போது புகைக்குள்ளிருந்து என் மகளின் குரல் வந்தது.

"நிஜம்!"

பெற்றவளுக்குத் தெரியாதா? அது நடிப்பில்லை. இரண்டாவது தடவை அந்தக் குரல் கிழிந்தது. பக்கத்தில் நின்ற ஒன்றிரண்டு பேர் அதையே திருப்பிக் கத்தினார்கள். மேலேயிருந்து முரசு மாறாமல் விழுந்துகொண்டிருந்தது. பின்வரிசை அந்த அடிக்குச் சரியாகக் காலெடுத்து வைத்து முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. முரசு நிற்காமல் நிற்கக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் இவர்தானே.

கயிற்றுக்கு அடியில் குனிந்து போனேன். யாரோ அதட்டினார்கள், யாரோ சிரித்தார்கள். சேற்றில் ஒரு செருப்பு போயிற்று. மேட்டில் ஏறினேன். இவர் புகையைப் பார்த்தபடி, முகத்தில் அப்படியொரு நிம்மதியோடு அடித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டுப் பிரயோசனமில்லை. குச்சி மேலே போனபோது என் இரண்டு கையையும் முரசின் தோல்மேல் விரித்து வைத்துவிட்டேன். ஒரு அடி என் கைமேல் விழுந்தது. அடுத்த அடி விழவில்லை.

சரிவு முழுக்க நின்றது. அத்தனை பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள். அந்த அமைதியில் என் மகள் அழுவது கேட்டது. இவருக்கு மட்டும் அதுவும் கேட்கவில்லை. என் பூப்போட்ட உடுப்பைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் சரிவைக் காட்டினேன். குச்சிகளைக் கீழே போட்டுவிட்டு, இந்த வயதில் ஓடக்கூடாத ஓட்டம் ஓடினார்.

ஈரத்தில் வழுக்கி விழுந்திருக்கிறாள். எழுவதற்குக் கையை ஊன்றியபோது பின்வரிசையின் கால்கள் மணிக்கட்டின்மேல் ஏறியிருக்கின்றன. ஒருவர் காலில்லை. மிதித்தவர்களில் என் அண்ணனும் ஒருவர். முரசு அடிக்கிறதே, நிற்கக்கூடாதே என்று கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன் என்று சேற்றில் உட்கார்ந்து பூதக்கண்ணாடியைத் தூர எறிந்தார்.

ஆஸ்பத்திரிக்கு எங்கள் வேனிலேயே போனோம். தளபதி ஓட்டினார். மகள் என் மடியில் தலையை வைத்திருந்தாள். இவர் எதிரே உட்கார்ந்திருந்தார். மிஷின் இன்னும் என் கைக்குள்தான் இருந்தது. இறுக்கிப் பிடித்திருந்ததால் வழியெல்லாம் கீ கீ என்று கத்திக்கொண்டே வந்தது. தளபதிக்குக் கேட்டது, மகளுக்குக் கேட்டது. தளபதி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஓட்டினார். எதிரே இருந்த மனுஷனுக்கு மட்டும் அது கேட்கவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் கையைத் திறக்கவும் தோன்றவில்லை.

கட்டுப் போட்டு முடித்த பிறகு இவர் மகளின் கட்டில் பக்கத்தில் போய் நின்றார்.

"நீ கத்துனியாம்மா?"

"கத்தினேன்பா."

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். இரண்டு தடவையா என்று விரலைக் காட்டிக் கேட்டார். அவள் பொய் சொல்லத் தெரியாத பெண். இல்லப்பா, நிறைய தடவை என்றாள்.

மகளின் எலும்பு கூடிவிடும் என்றார்கள். கொஞ்சம் கோணலாகக் கூடும், காகிதக்கட்டுத் தூக்கும்போது வலிக்கும் என்றார்கள். தளபதி பழத்தோடு வீட்டுக்கு வந்தார். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை, தீர்மானத்தை மாற்றிவிட்டோம், காது மிஷினும் மூக்குக்கண்ணாடியும் இனிமேல் கணக்கில் இல்லை, முரசு உங்களிடமே இருக்கட்டும், அடுத்த வருஷமும் நீங்கள்தான் என்றார். அண்ணனும் அதையே சொன்னார். முன்கூடத்தில் முரசு உட்கார்ந்திருந்தது, போவோர் வருவோர் காலில் இடித்துக்கொண்டு.

மற்றவர்கள் மன்னித்தால் போதும் என்று விட்டுவிடுகிற ஆள் இவர் இல்லையே. மிஷினோடு எனக்கு அந்த வார்த்தை கேட்கிறதா என்று பார்க்காமல் முரசைத் தொடமாட்டேன் என்றார். தனக்குத் தானே ஒரு சோதனை வைத்துக்கொண்டார். தினமும் காலையில் மிஷினை மாட்டி, என் தொப்பியையும் மாட்டிக்கொண்டு முன்கூடத்து மேஜையில் உட்காருவார். முதுகு எங்கள் பக்கம் இருக்கும். மகள் அடுப்படியில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே, எப்போது வேண்டுமானாலும் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். கேட்டால் மேஜையில் தட்டுவார். பீரங்கிக்கும் கூட்டத்துக்கும் பதிலாக மின்விசிறி, குழாய், ரேடியோ எல்லாவற்றையும் முடுக்கிவிட வேண்டும்.

வீடா இது என்று நான் முணுமுணுத்துக்கொண்டே தைத்தேன். சில நாள் தட்டினார். சில நாள் அவள் மூன்று தடவை சொன்னபிறகும் முதுகு அசையாது. ரேடியோவை அணைத்தால் கேட்டது, போட்டால் கேட்கவில்லை. மகள் போய்த் தோளைத் தொடுவாள். சொல்லிட்டியா என்பார். சொல்லிட்டேன்பா என்பாள். நாளைக்குப் பார்க்கலாம் என்பார். மிஷின்காரரிடம் போய்ச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு வந்தார். எல்லாச் சத்தமும் கூடியது, அவள் குரல் மட்டும் அதற்குள் எங்கேயோ போய்விட்டது.

மகளுக்குக் கட்டுப் பிரித்த வாரம். காலையில் வழக்கம்போல் உட்கார்ந்தார். மின்விசிறி ஓடியது, குழாய் ஓடியது, ரேடியோவில் யாரோ செய்தி படித்துக்கொண்டிருந்தார்கள். மகள் கோணல் கையால் பாத்திரத்தைத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் யாருடைய கால்சட்டைக்கோ இடுப்பைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன்.

இவர் மேஜையில் தட்டினார்.

மகள் என்னைப் பார்த்தாள். அவள் இன்னும் வாயே திறக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டினார். முதுகு நிமிர்ந்திருந்தது. தொப்பியின் நாடா பின்னால் இலேசாக ஆடியது. கேட்டுவிட்டது, இதோ பார், கேட்டுவிட்டது என்று சொல்கிற முதுகு. மகள் ஆமாம்பா என்று சொல்வதற்கு வாயெடுத்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. அந்த ஒரு வார்த்தையை அவள் சொல்லிவிட்டால் அடுத்த வருஷம் அந்த மேட்டில் இவர் நிற்பார், சரிவில் யாரோ ஒருவர் பெற்ற பிள்ளை நிற்கும்.

ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தேன். இவர் பின்னால் போய் நின்றேன். மூன்றாவது தடவை தட்டுவதற்குக் கையைத் தூக்கினார். அது மேஜைக்கு வருமுன் என் கையை அதன்மேல் வைத்தேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தார். முரசில் அடிபட்ட இடத்தில் எனக்கு ஒரு நகம் கறுத்துப்போய் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் மெதுவாக இறங்கின. பிறகு தாடைக்குக் கீழே நாடாவை அவிழ்த்து, தொப்பியைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"இதைப் பிரிச்சுடு" என்றார். "நல்ல நூல். வீணாக்காத."

மகள் ரேடியோவை அணைத்தாள். நான் பழைய இடத்தில் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தேன். உட்பக்கமும் கெட்டித் தையல்தான் போட்டிருந்தேன். பிரித்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.